அண்ணன் கேட்ட நாயனம்

2023-ஆம் ஆண்டில் நமது குருத்துவ வெள்ளிவிழா இனிதே நடந்தேறிய மறுவாரம், கோவில்பட்டியிலிருந்து நம் அண்ணனின் மருமகள் தொலைபேசியில் பேசினாள். நலம் விசாரித்தாயிற்று, பிள்ளையின் படிப்பை விசாரித்தாயிற்று. அதன் பின்னரும் பேச்சை முடிக்க மனமின்றி அவள் தயங்குவதை உணர்ந்து, "என்னம்மா, சொல்" என்றோம். "சாமி, மாமா மூன்று மாதமாகப் பாட்டே கேட்பதில்லை. தவறு என்னுடையதுதான்" என்றாள். குரல் தழுதழுத்தது.

நடந்தது பெரிய காரியம் ஒன்றும் அன்று. அவள் மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீடோ இரண்டே அறை. இரவு எட்டு மணிக்கு மேல் அண்ணன் தம் கைப்பேசியை ஒரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்து நாயனம் கேட்பது வழக்கம். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பெட்டியின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் இரவு மருமகள் பொறுக்கமாட்டாமல், "மாமா, தெருமுனை வரைக்கும் கேட்கிறதே" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மறுமொழி கூறவில்லை. எழுந்து பெட்டியை நிறுத்தினார். அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டார். அவ்வளவே. அந்தத் துண்டு மூன்று மாதமாக அப்படியே கிடந்தது.

மருமகளை நாம் கடிந்துகொள்ளவில்லை. படிக்கிற பிள்ளையைப் பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? அண்ணனையும் குறைகூற நமக்கு நா எழவில்லை. அவருக்கு நாயனம் என்றால் என்ன என்பதை அறிந்தவர்களுக்கே அந்தத் துண்டின் பாரம் விளங்கும்.

நம் தந்தையார் நாயனப் பைத்தியம். காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் 1921-இல் பிறந்து, டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் குடியிருந்து, 1964-இல் மறைந்தவர். அவர் மறைந்தபோது அண்ணனுக்கு வயது 6. தந்தையாரின் தோள்மீது அமர்ந்து ஒரு கல்யாணப் பந்தலில் அவர் வாசிக்கக் கேட்டதாக அண்ணன் சொல்வதுண்டு. மெய்யாகவே நினைவிருக்கிறதோ, தந்தையார் சொல்லிச் சொல்லி நினைவாக உறைந்துவிட்டதோ, நாம் அறியோம். 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி அவர்களின் குரலோடு அந்த நாயனம் இழைந்து வரும் பாடலை அறியாத தமிழர் இலர். அண்ணனோ அதனினும் பழைய கச்சேரிப் பதிவுகளையே விரும்புவார். அவற்றிலும் ஒத்து அவர் காதில் விழவேண்டும். நாயனத்தின் பின்னால் நின்று ஒரே சுருதியை இடைவிடாது ஊதும் துணைக்குழலுக்குத்தான் ஒத்து என்று பெயர். "ஒத்து இல்லாத நாயனம் சுவர் இல்லாத சித்திரம்" என்பது அவர் வாக்கு.

அந்த அண்ணன் 1977-இல் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 2016-இல் ஓய்வு பெற்றார். 39 ஆண்டுகள் நூற்பு இயந்திரங்களின் நடுவே நின்றவர். நாம் குருமடத்துக்குப் புறப்பட்ட நாளில் தகரப் பெட்டியும் பாயும் தலையணையும் வாங்கித் தந்தது அந்தச் சம்பளமே. ஆலையிலிருந்து அவர் திரும்பியதும் அரைமணி நேரம் அவரோடு உரக்கப் பேசவேண்டும். பிறகு மெல்ல மெல்லக் காது திறக்கும். "இயந்திரம் இன்னும் உள்ளே ஓடுகிறது" என்று சிரிப்பார். அந்நாளில் நாமும் உடன் சிரித்தோம். அது சிரிக்கத்தக்க செய்தி அன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

வெள்ளிவிழாவுக்கு மக்கள் அன்பளிப்பாக அளித்த தொகையில் ஒரு பகுதி நம் கையில் இருந்தது. அதைக்கொண்டு அண்ணனுக்கு நல்லதொரு ஹெட்போன் வாங்கித் தருவது என்று முடிவு செய்தோம். பிள்ளை படிப்பான், மருமகள் நிம்மதியடைவாள், அண்ணன் நாயனம் கேட்பார். ஒரு சிறு கருவியால் ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் தீரும் என்றால் அதனினும் மலிவான மருந்து வேறு உண்டோ என்று எண்ணினோம். அது அத்தனை எளிதாக இல்லை.

சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது பெரிய கடை ஒன்றில் நுழைந்தோம். விற்பனைப் பையன் நமது அங்கியைக் கண்டு மிக்க மரியாதையுடன், "ஃபாதர், இதை எடுங்கள். பேஸ் சும்மா அதிரும்" என்று ஒன்றைக் காட்டினான். கம்பியில்லாதது, இரு காதுகளையும் முழுக்க மூடுவது, வெளிச் சத்தத்தை அடக்கும் நுட்பம் உடையது. சுற்றுப்புற இரைச்சலை ஒரு நுண்ணிய ஒலிவாங்கி கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி, ஒன்றால் ஒன்றை அழிக்கும் ஏற்பாடு அது. இரயிலிலும் விமானத்திலும் செல்வோர்க்கு அருமையான பொருள். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வாங்கும்முன் நம் காதில் மாட்டிப் பார்த்தோம், தலைக்குள் இடி இடித்தது, மகிழ்ந்தோம். கேட்கப் போகிறவரின் காது வேறு என்பது நம் நினைவில் எழவேயில்லை.

கோவில்பட்டி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அண்ணன் கால்மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருந்தார். காதோரம் வியர்வை வழிந்தது. கழற்றிவிட்டு, நம் மனம் நோகக்கூடாதே என்ற கவலையோடு சொன்னார்: "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. தவில் மட்டும் கேட்கிறது. நாயனக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாசிக்கிறார்." பிறர் முன்னிலையில் நம்மைச் 'சாமி' என்பார், மனம்விட்டுப் பேசும்போதுதான் 'தம்பி'. அந்த ஒரு சொல்லால், சொன்னது உண்மை என்று தெரிந்துகொண்டோம்.

அதற்குரிய காரணத்தைத் திருநெல்வேலியில் ஒரு செவித்திறன் ஆய்வாளர் விளக்கினார். நியாயப்படி நாம் முதலில் சென்றிருக்கவேண்டிய இடம் அதுவே. அடைத்த அறையில் அமர்த்தி, ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலித்து, எந்த அளவில் கேட்கிறது என்று குறித்து ஒரு கோடு வரைந்தார். 1,000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஏறக்குறைய நேராகச் சென்றது. அதன்பின் சரிந்து, 4,000 ஹெர்ட்ஸில் பள்ளமாக விழுந்து, 8,000-இல் சற்றே எழுந்தது. இடக்காதில் பள்ளம் இன்னும் ஆழம். இயந்திரத்தின் பக்கமாக அந்தக் காதைத்தான் 39 ஆண்டுகள் காட்டி நின்றிருக்கிறார் போலும். "இரைச்சலில் உழைத்தவர்களின் காது இப்படித்தான் எழுதும்" என்றார் அவர்.

நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் உட்செவியில் மயிரிழை போன்ற அணுக்கள் உள. ஒலியை நரம்புக்கு உணர்த்துவன அவையே. பேரிரைச்சலில் அவை நைந்து மடிகின்றன. மனிதர்க்கு ஒருமுறை மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு 8 மணி நேரம் 90 டெசிபல் வரை இசைகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் இசை கேட்போர்க்குச் சொல்லும் கணக்கோ வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. ஆகவே 90 டெசிபலில் வாரம் 4 மணி நேரமே கேட்கலாம். அண்ணன் அந்த நான்கு மணி நேரத்தை ஒவ்வொரு திங்கட்கிழமையும் முற்பகலிலேயே தீர்த்துவிட்டிருக்கிறார். (திருவிழா நாட்களில் கோபுரத்தில் நாம் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளையும் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம். ஆலயத்தை அடுத்துள்ள வீடுகளில் கைக்குழந்தைகள் உண்டு. அவ்வாண்டு முதல் இரவு பத்து மணிக்குப் பின் மட்டுமல்ல, பகலிலும் இரண்டு கூம்புகளைக் குறைத்தோம். விழாக் குழுவினர் இன்னமும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.)

ஆய்வாளர் சொன்ன இன்னொரு செய்தியே நமக்குப் பெரிதாகப் பட்டது. இவ்வாறு நைந்த காதுக்கு மெல்லிய ஒலி கேளாது. ஆயினும் உரத்த ஒலி நம்மைப் போலவே, சில வேளை நம்மினும் கடுமையாகவே தாக்கும். கேட்பதற்கும் பொறுப்பதற்கும் இடையே உள்ள முற்றம் குறுகிவிடுகிறது. ஆகவே சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது. உரையாடலுக்குக் காதுக்கருவி ஒன்றைப் பரிந்துரைத்தார். அண்ணன் அதை இன்றும் அணிகிறார். ஆனால் அது பேச்சுக்கென்று வடித்த கருவி. நாயனம் அதில் தகரம்போல் ஒலிக்கிறது என்றார். மேலே ஹெட்போனை மூடினால் சீட்டியும் அடித்தது. இசை கேட்கும் வேளையில் அதைக் கழற்றி வைத்துவிடலாம், ஆனால் அளவு மிஞ்சக்கூடாது என்று ஆய்வாளர் இசைவு தந்தார்.

ஆக, நாம் வாங்கிய 12,000 ரூபாய்க் கருவி செய்தது என்ன? அண்ணனுக்கு நன்றாகக் கேட்கும் கீழ்த்தொனியை மேலும் பெருக்கி, கேளாத நடுத்தொனியையும் மேல்தொனியையும் அதனடியில் புதைத்தது. உரத்த கீழ்த்தொனி அதற்கு மேலுள்ளவற்றை மூடி மறைப்பது எந்தக் காதுக்கும் இயல்பே. நைந்த காதுக்கு அது பன்மடங்கு. தவிலின் தொப்பி முழங்க, ஒத்து மறைந்ததில் வியப்பில்லை.

நம் பங்கில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் உண்டு. ஞாயிறு பூசைக்குப் பின் அவரைப் பிடித்துக்கொண்டோம். பொறுமைசாலி. நாம் மறையுரையில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் நமக்கு இந்தக் கலையின் அரிச்சுவடியைக் கற்பித்துவிட்டார்.

ஹெட்போனின் முதுகு மூடியிருக்கலாம், திறந்திருக்கலாம். மூடியது வெளிச் சத்தத்தைத் தடுக்கும். உள்ளே பிறக்கும் ஒலியும் கிண்ணத்துள் சுழன்று கனக்கும். திறந்ததில் காற்றும் ஒலியும் இருபுறமும் உலவும், இசை தலைக்குள் அடைபடாமல் சற்று விலகி நின்று ஒலிப்பதுபோல் தோன்றும், காதும் வியர்க்காது. இவ்வகையை 1968-இல் சென்ஹைசர் நிறுவனத்தார் எச்.டி. 414 என்ற பெயரில் முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தனர். பேருந்தில் செல்பவர்க்கு இது உதவாது. படிக்கும் பிள்ளையின் அருகிலேயே அமர்ந்து கேட்பவர்க்கும் உதவாது. மெல்லிய கசிவு இருக்கும். ஆனால் பிள்ளை உள்ளறையிலும் அண்ணன் திண்ணையிலும் என்றால் தாராளமாகப் போதும்.

இந்தக் கருவியின் முன்னோடிகளுள் ஒருவரைப் பற்றியும் அவர் சொன்னார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து நத்தானியேல் பால்ட்வின் என்பவர், தம் சபையாரின் மாபெரும் தொழுகைக் கூடத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லையே என்ற குறையினால் ஒலிக்கருவிகளில் கைவைத்தாராம். 1910-இல் அந்நாட்டுக் கடற்படை அவருடைய ஹெட்போனைச் சோதித்து வாங்கலாயிற்று. அவரோ அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையில் செய்துகொண்டிருந்தார். பிரசங்கம் காதில் விழவில்லை என்று குறைப்படுவோர் நம் பங்கிலும் உளர். அவர்களுள் எவரும் இதுவரை எதையும் கண்டுபிடித்திலர்.

இனி ஆம்ப்ளிஃபயர். இதில்தான் நாம் இரண்டாம் முறை வழுக்கி விழுந்தோம்.

அந்த இளைஞர் தம்முடைய சென்ஹைசர் எச்.டி. 600 ஒன்றை இரவல் தந்தார். 1997 முதல் விற்பனையில் உள்ள, திறந்த முதுகுடைய, 300 ஓம் மின்தடை கொண்ட புகழ்பெற்ற கருவி. அண்ணனின் கைப்பேசியில் செருகினோம். சத்தத்தை முழுவதும் வைத்தும் பழைய கச்சேரிப் பதிவு மெலிந்தே ஒலித்தது. கருவி பழுதோ என்று அஞ்சினோம். பழுது இல்லை, கணக்கு. ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வில் செப்புக்கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்தின் இடையே அசைவதால் ஒலி பிறக்கிறது. இழை மெல்லியதாகி, சுற்றுக்கள் பலவாகும்போது தடை கூடும். தடை கூடினால் அதே வலுவைச் செலுத்த அதிக வோல்ட் வேண்டும். 1 வோல்ட் தரும் கைப்பேசி 32 ஓம் கருவிக்கு ஏறக்குறைய 31 மில்லிவாட் தரும். 300 ஓம் கருவிக்கு 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். அரை வோல்ட் மட்டுமே தரும் கைப்பேசி என்றால் அதிலும் கால் பங்கு. உரக்கப் பதிந்த இன்றைய பாட்டுக்கு அதுவும் போதலாம். தாழப் பதிந்த பழைய பதிவுக்குப் போதாது.

ஓம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்தலும் ஆகாது. ஒரு மில்லிவாட்டுக்கு, அல்லது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று பெட்டியின்மேல் ஓர் எண் இருக்கும். அதையே ஊன்றிப் பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் கருவிக்கு 107 டெசிபல் உச்சம் வேண்டுமாயின் 10 மில்லிவாட் தேவை; 117 வேண்டுமாயின் 100 மில்லிவாட். சராசரி 75 டெசிபலில் கேட்பவர்க்கு, இசை திடீரென எழும் உச்சங்களையும் சேர்த்து, அதற்குமேல் எக்காலத்தும் தேவைப்படாது. வாட் கணக்கில் பெருமை பேசும் பெட்டிகளின் பக்கம், பெரும்பாலான வீடுகள் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டுத் தெளிந்த பின்னரும் நாம் என்ன செய்தோம் தெரியுமோ? ஒருவர் விற்க வந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கண்டு மயங்கினோம். இருட்டில் அதன் கண்ணாடிக் குழல்கள் செந்நிறமாய் ஒளிர்வது அத்தனை அழகு! குருமாணவராய் இருந்த நாளில் நூலகத்தில் ஓர் அருட்தந்தையிடம் இருந்த அத்தகைய வானொலிப் பெட்டியின் நினைவும் சேர்ந்துகொண்டது. அண்ணனின் தேவை எங்கோ ஒதுங்கிவிட, நம் ஆசையே முன்னால் வந்து நின்றது. விலை 9,000 ரூபாய். பேரம் பேசவும் தோன்றவில்லை.

அதை அண்ணனிடம் கொண்டுசென்ற மாலையை மறக்க இயலாது. எச்.டி. 600-ஐ அதற்குள் உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பேரன் தன் 32 ஓம் கருவியைக் கொணர்ந்து செருகினான். பாட்டு தொடங்குமுன்பே ஓர் இரீங்காரம். அண்ணன் திருகை ஒரு நூலளவு திருப்பினார்; நாயனம் வெடித்துக் கிளம்பியது. அவர் இரு கைகளாலும் அதைப் பிடுங்கிக் கழற்றி, கண்களை இறுக மூடிக்கொண்டார். குறுகிய முற்றம் என்று ஆய்வாளர் சொன்னது அப்போதுதான் நம் நெஞ்சில் தைத்தது. மீந்திருக்கும் செவியையும் நம் கையாலேயே கெடுத்துவிட இருந்தோமே என்று அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

இரைச்சலுக்கும் ஒரு காரணம் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கும் தனக்கென ஓர் உட்தடை உண்டு. அது ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொது வழக்கு. வால்வு வகைகள் பலவற்றில் அது அதிகம். 300, 600 ஓம் கருவிகளுக்கு அவை பொருந்தும். 32 ஓம் கருவிக்குக் கீழ்த்தொனி ஊதிப் பருக்கலாம், இரீங்காரமும் பெரிதாய்க் கேட்கும். மேலும், பெருக்கும் அளவு மிகுந்த ஆம்ப்ளிஃபயரில் திருகின் முதல் அங்குலத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். யானையைக் கட்டும் சங்கிலியால் ஆட்டுக்குட்டியைக் கட்டினாற் போல.

முடிவில் வாங்கியது 2020-இல் வெளிவந்த எச்.டி. 560 எஸ் என்னும் திறந்த முதுகுக் கருவி. 120 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 110 டெசிபல். கைப்பேசியே இதற்குப் போதும். கீழ்த்தொனியில் ஆரவாரம் இல்லை. அதனாலேயே சென்னைக் கடைகளில் இதை யாரும் நம்மிடம் நீட்டவில்லை போலும். இருப்பினும் ஒரு சிறிய, பெருக்கம் குறைந்த ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே வாங்கினோம். மின்வலுவுக்காக அன்று; திருகுக்காக. ஆலையில் நூல் முடிந்து முடிந்து காய்ப்பேறிய அண்ணனின் விரல்களுக்குக் கைப்பேசியின் கண்ணாடியில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசப்படவில்லை. பிடித்துத் திருப்ப அவருக்கு ஒரு குமிழ் வேண்டியிருந்தது. ஆய்வாளர் சொன்ன அளவைக் கண்டறிந்து, அதற்குமேல் திருப்பலாகாது என்று குமிழின் ஓரத்தில் மருமகள் தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

காசில்லாமல் கிடைத்த இரண்டு உதவிகளையும் சொல்லவேண்டும். கைப்பேசியின் அமைப்புகளில், செவித்திறன் குறைந்தோர்க்கென, இரு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கும் 'மோனோ' வசதியும், இடம் வலம் ஏற்றக்குறைச்சல் செய்யும் வசதியும் உள்ளன. ஒரு காது மிகவும் மங்கியவர்க்கு இது பெரிய வரம். புதிய பாடல்களில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒலிக்கும் வீணையோ குழலோ காணாமற்போகாது. காருகுறிச்சியாரின் பதிவுகளோ பிறக்கும்போதே ஒற்றைத் தடம். மற்றொன்று, தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். அண்ணனுக்கு மேல்தொனி கேட்கவில்லை என்பதால் நாம் அதை உயர்த்தப் போனோம். அந்த இளைஞர் கையைப் பிடித்துத் தடுத்து, கீழ்த்தொனியை 4 டெசிபல் தாழ்த்தினார். "உயர்த்தினால் காதுக்குச் சுமை, ஃபாதர். மறைப்பதைத் தாழ்த்துங்கள், மறைந்தது தானே வெளிவரும்" என்றார். மேலே 3,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு 3 டெசிபல் மட்டும் கூட்டினார்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் விற்பனைக் காகிதங்களில் பெரிய எழுத்தில் அச்சிடும் ஒன்று உண்டு: வினாடிக்கு 96,000 மாதிரி, 192,000 மாதிரி என்று. 1982-இல் வந்த குறுந்தட்டே வினாடிக்கு 44,100 மாதிரிகளால் 20,000 ஹெர்ட்ஸ் வரை தந்துவிடுகிறது. இளம்பிள்ளைகளின் காதுக்கு அதுவே எல்லை. ஐம்பதைக் கடந்த நமக்கு 14,000-ஐத் தாண்டினால் நிசப்தம். அண்ணனுக்கு அதற்கும் வெகு கீழே. கேளாத ஒலிக்குக் காசு கொடுப்பானேன்?

2024-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு மாலை, பிள்ளையின் தேர்வுகள் எல்லாம் முடிந்த பிறகே, இவை யாவும் ஒருவாறு கூடிவந்தன. தேர்வுக்கு உதவவில்லையே என்று மருமகளிடம் வருந்தினோம். "அவன் மேலே படிக்கப் போகிறான், சாமி" என்றாள். அண்ணன் திண்ணையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஹெட்போனை மாட்டினார். குமிழைச் சிவப்புப் புள்ளிக்கு ஒரு விரற்கடை முன்னரே நிறுத்திக்கொண்டார். நாம் எதிரே அமர்ந்திருந்தோம். நமக்கு, எங்கோ மூன்று தெரு தள்ளி ஊர்வலம் போவதுபோல் ஒரு மெல்லிய கசிவு மட்டும் கேட்டது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வலக்கையின் ஆட்காட்டி விரலை உயர்த்தி, கண்ணைத் திறவாமலே, "ஒத்து" என்றார். அந்த ஒரு சொல்தான்.

சற்றைக்கெல்லாம் அடுக்களையிலிருந்து, "மாமா, சாப்பிட வாருங்கள்" என்று மருமகளின் குரல் வந்தது. "இந்த ராகம் முடியட்டும், அம்மா" என்று அண்ணன் உடனே மறுமொழி சொன்னார். ஹெட்போனை மாட்டியபடியே அவர் அதைக் கேட்டு மறுமொழி சொன்னதை அவள் முதலில் கவனிக்கவில்லை. பிறகு கரண்டியும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றாள்.

சென்னையில் வாங்கிய கம்பியில்லாக் கருவி பேரனிடம் சேர்ந்துவிட்டது. இப்போது கல்லூரிக்குப் போகும் இரயிலில் அது அவனோடு செல்கிறது. அவனுக்கும் அறுபது சதவீதத்துக்குமேல் சத்தம் ஏறாதபடி அவன் தாயே கைப்பேசியில் கட்டு வைத்திருக்கிறாள். வால்வு ஆம்ப்ளிஃபயர் பங்கு இல்லத்து அலமாரியில், உபரி மெழுகுதிரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 300 ஓமுக்குக் குறையாத ஹெட்போன் உடையவர் எவரேனும் இருப்பின் வந்து எடுத்துச் செல்லலாம். பழுது ஒன்றும் இல்லை. இருட்டில் மிக அழகாக ஒளிரும்.